மூன்று மலைப் பனிவண்டிகளும் ஒரு சாய்வுப் பலகையும்

சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் நான் நடத்தும் மோட்டார்சைக்கிள் பட்டறையின் பின்சுவரோரம், கழற்றிப் போட்ட ஸ்கூட்டர் எஞ்சின்களுக்கு நடுவே, ஒன்றரை மீட்டர் நீளப் பலகை ஒன்று கிடக்கிறது. அதன் முன்முனையில் பழைய யமஹா ஆர்எக்ஸ்இசட் வண்டியின் ஹேண்டில், பற்றவைத்த இரும்புத் தாங்கியில் நிற்கிறது. பலகையின் அடியில், நடுக்கோட்டில், நெடுக்காக ஒரு பிவிசி குழாய். வண்டியை விட வரும் வாடிக்கையாளர்கள் அதைப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆழ்பனியில் ஸ்னோமொபைலை, அதாவது பனியில் ஓடும் மோட்டார் வண்டியை, சாய்த்து ஓட்டுவதற்கு, 31 டிகிரி வெப்பத்தில் நின்றுகொண்டு பழகுவதற்காக நான் செய்த கருவி அது. அது எனக்கு எதைச் சரியாகக் கற்பித்தது, எதைத் தவறாகக் கற்பித்தது என்பது, கனடாவின் ரெவல்ஸ்டோக் மலைப்பகுதியில் மூன்று வண்டிகளை ஐந்து நாள்கள் மாற்றி மாற்றி ஓட்டிய பிறகுதான் எனக்கு விளங்கியது.

என் மனைவியின் தம்பி பிரிட்டிஷ் கொலம்பியாவின் கெலோனா நகரில் கனரக வாகன மெக்கானிக்காக வேலை செய்கிறார். "அத்தான், நீங்க அங்க மாத்துற பெல்ட்டும் நான் இங்க மாத்துற பெல்ட்டும் ஒரே சாதிதான், ஒரு தடவை வந்து பாருங்க" என்று நான்கு ஆண்டுகளாக அழைத்துக்கொண்டே இருந்தார். அவர் சொன்னதில் முக்கால் பங்கு உண்மை. உணவு விநியோகம் செய்பவர்கள் என்னிடம் கொண்டுவரும் ஸ்கூட்டர்களில் இருப்பதைப் போலவே ஸ்னோமொபைலிலும் கியர் கிடையாது. எஞ்சின் வேகம் கூடக்கூட முன்கிளட்ச்சிலுள்ள எடைகள் வெளியே விரிந்து தட்டுகளை நெருக்குகின்றன. பெல்ட் அங்கே மேலேறுகிறது, பின்கிளட்ச்சில் உள்ளே இறங்குகிறது. மீதிக் கால் பங்கில்தான் வேறுபாடு இருக்கிறது. ஸ்கூட்டரில் வண்டியைக் கிளப்புவதற்கென்று பின்சக்கரத்தருகே தனியாக ஒரு மையவிலக்குக் கிளட்ச் உண்டு. ஸ்னோமொபைலில் அது இல்லை. எஞ்சின் சும்மா ஓடும்போது தட்டுகள் பெல்ட்டைத் தொடாமல் விலகி நிற்கும், திராட்டிலை அழுத்தியதும் பெல்ட்டின் பக்கவாட்டையே கவ்விப் பிடிக்கும். ஆகவே ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் உரசலின் சூடு முழுவதும் பெல்ட்டின் மேல்தான் விழுகிறது. இதைத் தெரிந்துவைத்திருந்தும் நான் ஒரு பெல்ட்டை எரித்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

கெட்டிப்படுத்திய பாதையில் ஸ்னோமொபைல் முன்னாலுள்ள இரண்டு ஸ்கீகளால் (சறுக்குக் கட்டைகளால்) திரும்புகிறது. இடுப்பளவு புதுப்பனியில் அந்த ஸ்கீகளுக்குப் பிடிமானமே கிடைப்பதில்லை. புதிதாக விழுந்த உலர்பனியின் எடை கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோ அளவில் இருக்கும். அதாவது தண்ணீரின் எடையில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. அப்படிப்பட்ட பனியில் வண்டியைத் திருப்ப வேண்டுமானால், அதை மொத்தமாக ஒரு பக்கம் சாய்த்து, அடியில் சுழன்று வண்டியைத் தள்ளும் ரப்பர் பட்டையின் ஓரத்தில் நிறுத்தி ஓட்ட வேண்டும். இடப்பக்கம் திரும்ப, ஹேண்டிலை வலப்பக்கம் திருப்பி, உடல் எடையை இடது கால்பலகையில் இறக்கி, திராட்டிலை ஒரு கணம் தட்டினால், வண்டி இடப்பக்கம் படுத்து, படுத்தபடியே வட்டமடிக்கும். மலைச்சரிவுக்குக் குறுக்கே போவதும் இதே வித்தைதான். மேட்டுப்பக்க ஓரத்தில் வண்டியை நிறுத்திவைக்காவிட்டால் அது மூக்கைத் திருப்பிக்கொண்டு பள்ளத்தை நோக்கி ஓடிவிடும். இடப்பக்கம் நெடுநேரம் சாய்ந்திருக்க வேண்டிய இடங்களில், வலது காலை எடுத்து இடது கால்பலகையின் முன்பகுதியில் ஊன்றி, இடது காலைப் பனியில் தொங்கவிட்டுக்கொள்ளும் ஒரு நிலையும் உண்டு. அங்கே அதைத் தவறான கால் முன்னே வைப்பது என்றே சொல்கிறார்கள். முப்பது ஆண்டுகள் மோட்டார்சைக்கிள் ஓட்டிய உடம்பு இந்த நிலைக்கு எளிதில் இணங்குவதில்லை. அதற்குத்தான் பலகை. இரண்டு மாதங்கள், பட்டறையை மூடிய பிறகு, நாளொன்றுக்கு அரை மணி நேரம் அதன்மேல் நின்று கால்களை மாற்றி மாற்றிப் பழகினேன். திராட்டிலுக்கும் தனிப் பழக்கம் தேவைப்பட்டது. ஸ்னோமொபைலில் அது முறுக்கும் பிடியாக இருப்பதில்லை, வலக்கைக் கட்டைவிரலால் அழுத்தும் நெம்புகோலாக இருக்கிறது.

அதற்கு முன் நான் பார்த்த பனியெல்லாம் பிள்ளைகளுடன் ஜூரோங் ஈஸ்ட் ஸ்னோ சிட்டியில் ஒரு மணி நேரம் சறுக்கியதுதான். கெலோனாவிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ரெவல்ஸ்டோக், மேற்கே மொனாஷி மலைகளுக்கும் கிழக்கே செல்கர்க் மலைகளுக்கும் நடுவே ஆற்றங்கரையில் இருக்கும் சிறு நகரம். அதன் அருகேயுள்ள கோப்லண்ட் மலையில் 1971-72 குளிர்காலத்தில் 24 மீட்டருக்கும் அதிகமான பனி விழுந்தது. கனடாவில் பதிவான பருவப் பனிப்பொழிவில் அதுவே மிக அதிகமானது. எட்டு மாடி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கை மனத்தில் நிறுத்திப் பார்த்தால் அந்த உயரம் பிடிபடும்.

மலையேறும் முன் மச்சான் என்னை இரண்டு நாள் பனிச்சரிவுப் பாதுகாப்புப் பயிற்சிக்கு அனுப்பினார். 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒலிபரப்பும் தேடுகருவியை நெஞ்சில் கட்டுவது, மடக்குக் கழியால் பனியைக் குத்தித் தேடுவது, மண்வெட்டியால் கூட்டாகத் தோண்டுவது ஆகியவற்றைப் பழகினோம். நாங்கள் ஓட்டிய போல்டர் மலையில்தான் 2010 மார்ச் 13 அன்று பெருங்கூட்டம் கூடியிருந்த இடத்தில் பனிச்சரிவு இறங்கி இருவர் இறந்தார்கள். பனியின் ஓர் அடுக்கு பலகைபோல மொத்தமாகப் பெயர்ந்து இறங்கும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரையுள்ள சரிவுகளில் கிளம்புகின்றன என்பதால், எங்கள் சோதனைகள் அனைத்தையும் 20 டிகிரி அளவுள்ள ஒரு சரிவிலும், மேலே செங்குத்தான முகடு எதுவும் இல்லாத ஒரு புல்வெளியிலும் வைத்துக்கொண்டோம். காலையில் பனிச்சரிவு முன்னறிவிப்பு தரும் அவலாஞ்ச் கனடா அமைப்பின் அறிக்கையைப் பார்க்காமல் ஒரு நாளும் கிளம்பவில்லை.

இனி வண்டிகள். மூன்றும் 2020 ஆம் ஆண்டு மாடல்கள். மச்சானுடையது ஸ்கீ-டூ சம்மிட் 850. 849 சிசி, கடல்மட்டத்தில் 165 குதிரைத்திறன், பட்டை 154 அங்குல நீளம், 16 அங்குல அகலம், பற்கள் 3 அங்குல உயரம். வாடகைக்கு எடுத்தது போலாரிஸ் புரோ-ஆர்எம்கே 850. 840 சிசி, பட்டை 155 அங்குல நீளம், 15 அங்குல அகலம், பற்கள் 2.6 அங்குலம். மூன்றாவது மச்சானின் நண்பர் கொண்டுவந்த ஆர்க்டிக் கேட் மவுண்டன் கேட் ஆல்ஃபா ஒன். 794 சிசி, பட்டை 154 அங்குல நீளம், 15 அங்குல அகலம், பற்கள் 3 அங்குலம். மூன்றும் இருவீச்சு எஞ்சின்கள். பட்டறையில் ஆர்எக்ஸ்இசட்டின் புகைவாசனையில் வளர்ந்தவனுக்கு, இன்றும் புது வண்டியாக விற்கப்படும் இருவீச்சு எஞ்சினைக் கிளப்பிப் பார்ப்பதே தனி மகிழ்ச்சி. சமவெளிப் பாதை வண்டிகளின் பட்டை 129 அல்லது 137 அங்குல நீளமும், பற்கள் ஒன்றேகால் அங்குல உயரமும் உள்ளவையாக இருக்கும் என்பதோடு ஒப்பிட்டால், மலை வண்டி ஏன் தனி இனம் என்பது விளங்கும். டர்போ இல்லாத எஞ்சின் 300 மீட்டர் ஏற்றத்துக்கு ஏறக்குறைய 3 விழுக்காடு திறனை இழக்கும் என்ற பொதுக்கணக்கின்படி, 2000 மீட்டர் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். மூன்றுக்கும் அந்த இழப்பு ஒன்றுதான் என்பதால் குதிரைத்திறனை நான் ஒப்பீட்டிலிருந்தே எடுத்துவிட்டேன்.

முதல் நாள், வண்டிகள் வந்த நிலையிலேயே ஓட்டினோம். மூன்று பேர், மூன்று வண்டிகள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு வண்டியிலும் நான்கு காரியங்களைச் செய்ய வேண்டும். நின்ற நிலையில் வண்டியை ஒரு பக்கம் சாய்ப்பது, ஆள் கூடவே நடந்துவரக்கூடிய அளவுக்கு மெதுவாக ஒரு வட்டம் அடிப்பது, 20 டிகிரி சரிவுக்குக் குறுக்கே ஒரே உயரத்தில் போவது, ஆழ்பனியில் நின்று மீண்டும் கிளம்புவது. ஒவ்வொரு முறையும் யாரும் தொடாத பனியைத் தேடிப் போக வேண்டும். முதல் வண்டி போட்ட தடத்தில் இரண்டாம் வண்டியைச் சோதிப்பது, முன்னால் போனவர் பாதையைச் செய்துகொடுத்த வயலில் நடந்துவிட்டு நான் வழி கண்டேன் என்று சொல்வதைப் போன்றது. மாலையில் என் குறிப்பேட்டில் இருந்தவை இவை: சம்மிட் கிளம்பும்போது மூக்கைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் புதைகிறது, ஆர்எம்கே சாய்வதற்கு முரண்டு பிடிக்கிறது, ஆல்ஃபா எளிதாகச் சாய்கிறது, ஆனால் சாய்ந்ததும் கைகள் தோளுக்கு மேலே போய்விடுவதால் பிடி தளர்கிறது.

அந்த மூன்று வரிகளை அப்படியே நம்பியிருந்தால் இந்தப் பதிவு முழுவதும் பொய்யாகியிருக்கும். இரவு வாடகை வீட்டின் கார்க்கொட்டகையில் மூன்று வண்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, விளக்கைப் பிடித்துக்கொண்டு அடியில் படுத்துப் பார்த்தபோது, ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத விதத்தில் அவை திருத்தப்பட்டிருப்பது தெரிந்தது. மச்சானுக்கு முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு பாய்வதில் ஆசை உண்டு. அதற்காக அவர் லிமிட்டர் வாரை இரண்டு துளை தளர்த்தியிருந்தார். பின் சஸ்பென்ஷனின் முன்கையை, அதாவது அதன் முன்பக்க இணைப்புக் கம்பியை, எவ்வளவு கீழே இறங்க விடுவது என்பதை அந்தச் சிறு வார்தான் தீர்மானிக்கிறது. தளர்த்தினால் பட்டையின் முன்பகுதி செங்குத்தாகப் பனியைச் சந்திக்கும். ஏறி மிதப்பதற்குப் பதிலாகத் தோண்டும். வாடகை வண்டியில் முன்பக்க ஷாக்குகளின் ஸ்பிரிங்குகள் மிக இறுக்கமாக இருந்தன. கனத்த உடம்புக்காரர் ஒருவர் பாதையில் ஓட்டுவதற்காக இறுக்கியிருக்கக்கூடும். 68 கிலோ எடையுள்ள என்னால் அவற்றை அமுக்கவே முடியவில்லை. ஆல்ஃபாவின் உரிமையாளர் ஆறடிக்கும் மேலே உயரமானவர். ஹேண்டிலுக்கு அடியில் உயர்த்துதாங்கி போட்டிருந்தார்.

நண்பரிடம் அனுமதி பெற்று மூன்றையும் சமப்படுத்த மூன்று மணி நேரம் ஆனது. முதலில் லிமிட்டர் வார்கள். பின்பக்கத்தைத் தூக்கித் தாங்கியில் நிறுத்தினால் வாரின் மேல் பளு வந்து போல்ட் நகராது என்பதால், பட்டையின் முன்பகுதிக்கு அடியில் மரக்கட்டையைக் கொடுத்து முன்கையை மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டு கழற்றினோம். சம்மிட்டின் வாரை இரண்டு துளை உள்ளே இழுத்தோம். அடுத்து, ஓட்டுபவர் ஏறி நிற்கும்போது முன்பக்கம் எவ்வளவு இறங்குகிறது என்பதைத் தரையிலிருந்து பம்பர் வரை அளவு நாடாவால் அளந்து, மூன்றிலும் அது ஒன்றாக வரும்வரை முன் ஸ்பிரிங்குகளைத் திருத்தினோம். ஹேண்டில்களை என் தொப்புள் உயரத்துக்குக் கொண்டுவந்தோம். கடைசியாக எரிபொருள். பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோ என்று வைத்துக்கொண்டால், 36 லிட்டர் தொட்டி நிறைந்திருப்பதற்கும் கால்வாசி இருப்பதற்கும் இடையே இருபது கிலோ வேறுபாடு. 200 கிலோ அளவுள்ள வண்டியில் அது பத்து விழுக்காடு. மூன்றையும் அரைத்தொட்டிக்குக் கொண்டுவந்தோம். என் பட்டறையில் வாடிக்கையாளர் ஒருவர் தன் ஸ்கூட்டர் இன்னொருவருடையதைவிட மெதுவாகப் போகிறது என்று சொன்னால், முதலில் இரண்டின் டயர்க் காற்றையும் பார்க்கச் சொல்வேன். முதல் நாளே அதை நான் செய்யாமல் விட்டதற்குக் குளிரைத்தான் காரணம் சொல்ல வேண்டும்.

இரண்டாம் நாள் மைனஸ் 9 டிகிரி. இரவில் முழங்கால் அளவு புதுப்பனி விழுந்திருந்தது. அதே நான்கு காரியங்களை அதே மூன்று பேரும் மறுபடி செய்தோம். புதைகிறது என்று நான் எழுதிய சம்மிட், மூவரின் கையிலும் மூன்றில் மிக எளிதாகக் கிளம்பும் வண்டியாக மாறியிருந்தது. அதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. 16 அங்குலப் பட்டை 15 அங்குலப் பட்டையைவிட ஏறக்குறைய 7 விழுக்காடு அகலம். அதே எடையைக் கூடுதல் பரப்பில் பரப்பி நிற்கிறது. ஆர்எம்கேயின் முரண்டு முழுவதும் போய்விட்டது. ஆக்சிஸ் எனப்படும் அதன் சட்டகம் பனிக்கு மேலே உயர்ந்து நிற்கும்படி செய்யப்பட்டது, பட்டையைச் சுழற்றுவதற்குச் சங்கிலிக்குப் பதிலாகப் பல்பெல்ட் இருப்பதால் சுழலும் எடையும் குறைவு. கட்டைவிரலின் சிறு அசைவுக்கும் வண்டி உடனே பதில் சொன்னது. மரங்களுக்கு நடுவே திடீரென்று வழியை மாற்ற வேண்டிய இடங்களில் நான் அதையே கேட்டு வாங்கி ஓட்டினேன்.

சமப்படுத்திய பிறகும் போகாமல் நின்ற வேறுபாடு ஒன்றே ஒன்றுதான்: சாயத் தொடங்கும் அந்தக் கணம், பிறகு சாய்ந்த நிலையிலிருந்து மீளும் கணம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மூன்று நிறுவனங்களும் மூன்று விதமாக விடை கண்டிருப்பது இங்கேதான்.

வழக்கமான பின் சஸ்பென்ஷனில் பட்டைக்குள்ளே இரண்டு அலுமினியத் தண்டுகள் இணையாக ஓடுகின்றன. பட்டை அவற்றின்மேல் வழுக்கிச் சுழல்கிறது. வண்டியைச் சாய்ப்பது என்றால் இந்த அகலமான தட்டையான அடிப்பகுதி முழுவதையும் அதன் ஓரத்தின்மேல் புரட்டுவது. மேசையை ஒரு பக்கம் தூக்கிச் சாய்ப்பதைப் போல, தொடக்கத்தில் கனக்கும், பாதியைக் கடந்ததும் சட்டென்று வந்துவிடும். ஆர்எம்கே இந்த முறையிலேயே இருக்கிறது. ஆனால் சட்டகம் உயர்ந்து நிற்பதாலும் பட்டை குறுகலாக இருப்பதாலும் அந்தக் கனம் குறைவு. உடலைச் சற்று வெளியே எறிந்தால் போதும், படுக்கிறது. படுத்தபின் தான் இருக்கும் கோணத்தை உறுதியாகப் பிடித்துக்கொள்கிறது. கோணத்தை மாற்ற வேண்டுமானால் மறுபடி ஒரு முடிவெடுத்து உடலை அசைக்க வேண்டும்.

சம்மிட்டில் 2013 மாடலிலிருந்து வரும் டீ-மோஷன் அமைப்பு, தண்டுகள் சட்டகத்தோடு சேரும் இடத்தில் சிறிது முறுக விடுகிறது. சட்டகம் சாயத் தொடங்கும்போது பட்டை இன்னும் தரையில் படிந்திருக்கும். ஒரு சில டிகிரி கழித்துத்தான் அதுவும் உடன் வரும். பட்டையின் குறுக்குக் கம்பிகளும் விளிம்புவரை போகாமல் உள்ளே நின்றுவிடுவதால் ஓரங்கள் மடிந்துகொடுக்கின்றன. அகலமான பட்டையால் கூடும் கனத்தை இந்த இரண்டு நெகிழ்ச்சிகளும் திருப்பிக் கொடுக்கின்றன என்று சொல்லலாம். ஓட்டும்போது எனக்குத் தோன்றியது, வண்டி முதலில் தலையாட்டிவிட்டுப் பிறகுதான் எழுந்து வருகிறது என்பது. அந்த இடைவெளி புதியவனுக்கு யோசிக்க நேரம் கொடுக்கிறது. மச்சானோ, அந்த நேரம் தனக்கு வேண்டாம் என்கிறார்; வேண்டாமென்றால் ஏன் அதை வாங்கினார் என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை.

ஆல்ஃபா ஒன் வேறு உலகம். 2019 மாடலில் ஆர்க்டிக் கேட் இரண்டு தண்டுகளையும் எடுத்துவிட்டு, நடுவில் ஒரே ஒரு தண்டை வைத்தது. பட்டையின் இரண்டு ஓரங்களுக்கும் உள்ளிருந்து முட்டுக்கொடுக்க எதுவும் இல்லாததால், அவை பனியின் வடிவத்துக்கேற்ப மேலே மடிகின்றன. சாய்ப்பதற்குத் தொடக்கக் கனமே இல்லை. நின்ற நிலையில் ஒரு கையால் ஹேண்டிலை இழுத்தே என்னால் அதைச் சாய்க்க முடிந்தது. சரிவுக்குக் குறுக்கே போகும்போது கோணத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் முழங்காலின் வேலையாக இருந்தது. மாலையில் களைத்துப்போன பிறகு மூன்று பேருமே அதை ஓட்டுவதற்குப் போட்டி போட்டதை, குறிப்பேட்டில் எழுதிய எந்த வரியையும்விட நான் நம்புகிறேன். எளிதாகச் சாயும் வண்டி எளிதாக மறுபக்கமும் சாயும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். காட்டிலிருந்து திரும்பும் கெட்டிப்பாதையில், மேடுபள்ளங்களில், பின்பக்கம் தானாக அசைந்துகொண்டிருப்பது போன்ற உணர்வு எனக்கு இருந்தது. அதன் உரிமையாளர் அதை உணர்வதே இல்லை என்றார். அவர் மூன்று குளிர்காலம் ஓட்டியவர், நான் இரண்டு நாள் ஓட்டியவன்.

மூன்றாம் நாள் பெல்ட்டை எரித்தேன். எந்த வண்டியில் என்பது முக்கியமில்லை, எந்த வண்டியாக இருந்தாலும் எரிந்திருக்கும். புல்வெளியின் ஓரத்தில் ஒரு சிறு பள்ளத்தில் வண்டி பட்டையளவு புதைந்து நின்றது. இறங்கி, முன்னால் பனியை மிதித்துக் கெட்டியாக்கி, வண்டியைப் பள்ளத்தின் பக்கமாகப் புரட்டி, குழியை மூடி, அதன்மேல் ஏறிப் போவதுதான் முறை. நான் அதைச் செய்யாமல் கட்டைவிரலை அழுத்திப் பிடித்தேன். பட்டை சுழல முடியாமல் நிற்க, முன்கிளட்ச்சின் தட்டுகள் ஒரே இடத்தில் பெல்ட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தன. எட்டு அல்லது பத்து விநாடிகள் இருக்கும். முதலில் எனக்கு நன்கு பழகிய அந்த ரப்பர் கருகும் வாசனை, அடுத்து பக்கவாட்டு மூடிக்குள் சாட்டையடிப்பது போன்ற சத்தம்.

மூடியைத் திறந்தபோது பெல்ட் மூன்று துண்டுகளாகக் கிடந்தது. அதனுள்ளிருந்த நூலிழைகள் முன்கிளட்ச்சுக்கும் எஞ்சினுக்கும் நடுவே தண்டைச் சுற்றி இறுகியிருந்தன. அவசரத்தில் புதுப் பெல்ட்டை மாட்டிக்கொண்டு போய்விடுபவர்கள் விடும் தவறு அங்கேதான் இருக்கிறது. மிச்சமிருக்கும் ஒரு முழ நூல், சூடேறியதும் எஞ்சின் தண்டின் சீலுக்குள் வேலையைக் காட்டும். ஊசிமூக்கு இடுக்கியால் இழையிழையாக இழுத்து எடுத்தேன். கையுறையோடு அந்த வேலையைச் செய்ய முடியாது, கையுறையில்லாமல் இரண்டு நிமிடத்துக்குமேல் முடியாது; கழற்றுவதும் மாட்டுவதுமாகவே நேரம் போனது. தட்டுகள் தொடமுடியாத சூட்டில் இருந்தன. அவை ஆறும்வரை காத்திருந்து, படிந்திருந்த கரும்பொடியைத் துணியால் துடைத்தேன். பின்கிளட்ச்சின் தட்டுகளை விரித்துப் பிடிக்கும் சிறு திருகுகருவி ஒன்றை வண்டியின் கருவிப்பையிலேயே கொடுத்திருக்கிறார்கள். அதைப் பொருத்தித் தட்டுகளை விலக்கி, எழுத்துகள் படிக்கும் பக்கம் பார்த்துப் புதுப் பெல்ட்டைப் போட்டு, கருவியை எடுத்துவிட்டு, பின்கிளட்ச்சைக் கையால் பல முறை சுற்றினேன். பெல்ட்டின் மேல்விளிம்பு தட்டுகளின் விளிம்போடு ஒட்டியோ ஒரு மயிரிழை மேலேயோ நிற்க வேண்டும். உள்ளே இறங்கியிருந்தால் கிளம்பும்போது மந்தமாக இருக்கும். அதிகம் வெளியே நின்றால் எஞ்சின் சும்மா ஓடும்போதே வண்டி ஊர்ந்துபோகப் பார்க்கும். இதற்கென்று இருக்கும் திருகை ஒரு சிறு அளவு திருப்ப வேண்டியிருந்தது. பட்டறையில் பத்து நிமிட வேலை. அங்கே முக்கால் மணி நேரம். புது ஸ்கூட்டர் பெல்ட்டைப் போலவே அதற்கும் பழகும் காலம் உண்டு என்பதால், அன்று மீதி நேரம் முழுவதும் நான் அரைத்திராட்டிலில் மட்டுமே ஓட அனுமதிக்கப்பட்டேன். புதுப் பெல்ட்டுக்கான பணத்தை மச்சான் வாங்கிக்கொள்ள மறுத்தார், ஆனால் வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் துண்டுகளின் படத்தைப் போடுவதற்கு மறக்கவில்லை.

நான்காம் நாளும் ஐந்தாம் நாளும் பனி இறுகத் தொடங்கியது. ஆழ்பனி ஒப்பீடு முடிந்துவிட்டது என்றே சொல்லலாம். ஒரு செய்தி மட்டும். இறுகிய பாதையில் நெடுந்தூரம் வரும்போது குளிர்நீரின் வெப்பநிலை ஏறியது. பட்டை வாரியிறைக்கும் பனிதான் அதன் மேலுள்ள வெப்பமாற்றியைக் குளிர்விக்கிறது, தண்டுகளின் வழுக்குப்பட்டையையும் நனைக்கிறது. பாதை இறுகிவிட்டால் வாரியிறைக்க ஒன்றும் இல்லை. அதற்காகப் பனியைக் கீறும் சிறு கம்பிகளைக் கீழே இறக்கிவிட்டு ஓட்ட வேண்டும். எங்களில் ஒருவர் அதை மறந்திருந்தார். இந்த முறை அது நானில்லை.

சிங்கப்பூருக்குத் திரும்பிய வாரத்திலேயே பலகையைக் கழற்றினேன். அது எனக்குக் கால்நிலைகளைச் சரியாகவே பழக்கியிருந்தது. தவறான காலை முன்னே வைப்பதில் மச்சானைவிட நான் விரைவாக இருந்தேன். ஆனால் நடுவிலுள்ள ஒற்றைக் குழாயின்மேல் உருண்ட அந்தப் பலகை, எல்லா வண்டியும் ஆல்ஃபாவைப் போலத் தடையில்லாமல் சாயும் என்று என் உடம்புக்குச் சொல்லிவைத்திருந்தது. சம்மிட்டிலும் ஆர்எம்கேயிலும் முதல் நாள் நான் தடுமாறியதற்குத் திருத்தங்கள் பாதிக் காரணம் என்றால், பலகை மீதிக் காரணம். ஆகவே இப்போது அதற்கு மாற்றக்கூடிய மூன்று அடிப்பாகங்கள் செய்திருக்கிறேன். முதலாவது பழைய ஒற்றைக் குழாய். இரண்டாவதில் பலகையின் இரு ஓரங்களிலும், 381 மில்லிமீட்டர் அகலத்தில், இரண்டு சதுர அலுமினியக் கம்பிகள்; அதாவது 15 அங்குலம். மூன்றாவதில் அதே கம்பிகள் 406 மில்லிமீட்டர் அகலத்தில், பலகையோடு நேரடியாகச் சேராமல் ரப்பர் புஷ்கள் (நெகிழும் ரப்பர் வளையங்கள்) வழியாகச் சேர்கின்றன. பலகை முதலில் சில டிகிரி சாய்ந்துவிட்டுப் பிறகுதான் கம்பிகளை இழுத்துக்கொண்டு எழ வேண்டும்.

தரையின் பங்கும் இருக்கிறது. சிமெண்டுத் தரையின்மேல் எந்த அடிப்பாகமும் பனியில் நடப்பது போல நடக்காது. மெத்தைக் கடையில் வாங்கிய தடித்த நுரையை விரித்துப் பார்த்தேன். அது அமுங்கியதும் திரும்ப எழும்பி என்னையே தள்ளுகிறது. பனி அப்படிச் செய்வதில்லை, மிதித்த இடத்தில் அமுங்கி அங்கேயே கெட்டியாகிறது. புளோக்கின் கீழே யாரோ போட்டுவிட்டுப் போயிருந்த மணிமூட்டை (பீன் பேக்) இருக்கை ஒன்றின் உள்ளிருந்த வெள்ளை மணிகளை இரண்டு சாக்குகளில் பாதியளவு நிரப்பி அடியில் போட்டபோது, கம்பியின் ஓரம் மெல்ல உள்ளே இறங்கி, ஓர் இடத்தில் நின்று, பிடித்துக்கொண்டது. இரண்டாம் நாள் காலை ஆர்எம்கே படுத்து நின்ற விதம் ஏறக்குறைய அதுதான்.

மூன்றாவது அடிப்பாகம் இன்னும் சரியாக அமையவில்லை. ஸ்கூட்டர் எஞ்சினைத் தாங்கும் புஷ்களைப் போட்டிருந்தேன். 68 கிலோவுக்கு அவை மிகக் கடினம், முறுகவே இல்லை. மென்மையான ரப்பரில் நான்கு புஷ்களை வார்த்துத் தர இங்கே உபி வட்டாரத்தில் ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். அவை வியாழக்கிழமை வரும்.